கராஜ் வாங்கு: திறப்பு வீட்டுக்குள்ள, கார் எங்க?

போன மாசம் "புஷ் ஸ்டார்ட் கார் பற்றிக் கேள்வி இருந்தா எழுதி விடுங்கோ" எண்டு ஒரு வரி போட்டதுக்கு இவ்வளவு வரும் எண்டு நான் நினைக்கேல்ல. பாதிக்கு மேல ஒரே கேள்வி, ஊர் தான் வேற வேற, எல்லாரும் லண்டனில இல்லாட்டி கனடாவில சொந்தக்காரரின்ர கார் போன கதையோட தான் தொடங்கியிருக்கினம். ஒரே மாதிரி வந்ததுகளைச் சேர்த்து ஒண்டாக்கிப்போட்டு மிச்சத்தை அப்பிடியே போட்டிருக்கிறன்.

கேள்வி: லண்டனில இருக்கிற அண்ணாவின்ர கார் ராவோட ராவா வீட்டு வாசல்ல இருந்து களவு போட்டுது. ரெண்டு திறப்பும் வீட்டுக்குள்ள தான் இருந்தது, கண்ணாடி உடையேல்ல, அலாரம் அடிக்கேல்ல. கமராவில பாத்தா ஒருத்தன் வாசல் கதவுக்குக் கிட்ட ஒரு பையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், மற்றவன் காருக்குப் பக்கத்தில, அவ்வளவு தான். என்னட்டயும் ஒரு புஷ் ஸ்டார்ட் ஹொண்டா வெசல் நிக்குது. இஞ்சையும் இப்பிடி நடக்குமோ?
வாசகர், கனகபுரம், கிளிநொச்சி

நடக்க ஏலும். ஆனா எப்பிடி நடக்குது எண்டு விளங்கினா தான் எதுக்குப் பயப்பிடோணும், எதை விடலாம் எண்டு தெரியும், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

பட்டனை அமத்தி ஸ்ராட் பண்ணுற காருக்குத் தாற திறப்பைத் தான் ஸ்மார்ட் கீ எண்டுறது. உங்கட பொக்கற்றில அது சும்மா கிடக்கிறேல்ல, எந்த நேரமும் காதைக் குடுத்துக்கொண்டு இருக்குது. நீங்கள் கைபிடியில கை வச்ச உடன கார் மெல்லிய குரலில "கிட்ட நிக்கிறியோ" எண்டு கேக்கும். அந்தக் குரல் 125 இல்லாட்டி 134 கிலோஹேர்ட்ஸ் தாழ் அலை, ஒரு மீற்றர் போறதே பெரும்பாடு, ரொயோட்டாவோட வாற புத்தகத்தை எடுத்துப் பாத்தா கைபிடியில இருந்து 70 சென்ரிமீற்றர் அளவு எண்டு தான் போட்டிருக்கும். கீக்கு அது கேட்டா தன்ர இரகசியக் கணக்கைப் போட்டு 315 இல்லாட்டி 433 மெகாஹேர்ட்ஸில பதில் சொல்லும், இந்தப் பதில் கன தூரம் போகும். கணக்குச் சரியெண்டா கதவு திறக்கும், பட்டனை அமத்த எஞ்சினும் வரும். இதில கார் விடுற பிழை ஒண்டே ஒண்டு: தன்ர குரல் கேட்டுது எண்டா கீ பக்கத்தில தான் நிக்குது எண்டு நினைச்சுப்போடும். தூரத்தை அது அளக்கிறேல்ல, நம்புது.

இப்ப கள்ளர் செய்யிறதைப் பாருங்கோ. குசினிக்குள்ள நிண்டு மனிசி மெல்ல "ஆரது" எண்டு கேட்டா படலையில நிக்கிற உங்களுக்குக் கேக்காது. நடுவில ரெண்டு பொடியள் ஆளுக்கொரு போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா? மனிசியின்ர குரல் உங்களிட்ட வரும், உங்கட குரல் மனிசியிட்டப் போகும், ரெண்டும் உண்மையான குரல், மனிசி நீங்கள் கதவடியில நிக்கிறியள் எண்டு நினைச்சுக் கொழுக்கியைக் கழட்டிப்போடுவா. அண்ணாவின்ர வீட்டு வாசல்ல நிண்டவன்ர பைக்குள்ள இருந்தது அந்தப் போன் மாதிரி ஒண்டு தான், காரின்ர குரலைக் கீயிட்டயும் கீயின்ர பதிலைக் காரிட்டயும் கடத்துற பெட்டி. ஒருத்தரும் இரகசியக் கணக்கை உடைக்கேல்ல, அதால அலாரம் அடிக்கவும் நியாயமில்லை. சுவிற்சர்லாந்தில சூரிச் ஈரிஎச் பல்கலைக்கழக ஆக்கள் 2011இலயே 8 கொம்பனியின்ர 10 கார் மொடலில இதைச் செய்து பாத்தவை, பத்தும் திறந்தது. 2017 கடைசியில இங்கிலாந்தின்ர வெஸ்ற் மிட்லண்ட்ஸ் பொலிஸ் ஒரு சிசிடிவி வீடியோவை வெளியில விட்டது, சொலிஹல்லில ஒரு பென்ஸ், நிமிசக் கணக்கில அலுவல் முடிஞ்சுது. பேந்து ஓடேக்க கீ இல்லையே எண்டு கேப்பியள், ஓடுற எஞ்சினைக் கார் தானா நிப்பாட்டாது, றோட்டில ஆபத்தெண்டு. "கீயைக் காணேல்ல" எண்டு கத்தும், அவ்வளவு தான். நிப்பாட்டாமல் ஓடினா சரி.

இஞ்ச? என்ர கராஜுக்கு வாற ஆக்களில ஒருத்தரும் இப்பிடிக் காரைப் பறிகுடுத்ததாச் சொல்லேல்ல. லண்டன் வீடு றோட்டில இருந்து மூண்டு நாலு மீற்றரில, திறப்பு வாசல் கதவுக்குப் பின்னால ஒரு தட்டில கிடக்கும். எங்கட வளவு அப்பிடியில்லை, படலையில இருந்து வீட்டுக்கு வாறதுக்குள்ள நாய் மூண்டு தரம் குலைச்சுப்போடும். ஆனா எங்களிட்ட வேற ஒரு பழக்கம் இருக்கு. காரை வீட்டோட ஒட்டினாப் போல போர்ட்டிக்கோவில விடுறது, திறப்பை விறாந்தை யன்னலுக்குப் பக்கத்தில ஒரு ஆணியில கொழுவுறது. போன கிழமை ஒரு வீட்டுக்குப் போனன், காரின்ர சாரதிப் பக்கக் கதவுக்கும் ஆணிக்கும் இடையில ஒரு யன்னல் கம்பி மட்டும் தான், முழத்தால அளந்தா ஒண்டு வராது. திறப்பை ஒருத்தரும் தொடேல்ல, நான் சும்மா கைபிடியில கையை வச்சன், கார் திறந்தது. வீட்டுக்கார ஐயா முழிச்சுக்கொண்டு நிக்கிறார். இதுக்குப் பெட்டியும் தேவையில்லை பையும் தேவையில்லை, கள்ளன் எண்டு சொல்ல ஒரு படிச்ச கள்ளனும் தேவையில்லை.

அதால முதல் அந்த ஆணியைப் புடுங்குங்கோ. திறப்பைக் கார் நிக்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்க அறையில வையுங்கோ. இன்னொரு லாபமும் இருக்கு, காருக்குக் கிட்டக் கிடக்கிற கீ சும்மா சும்மா கதைச்சுக் கதைச்சு அதின்ர பற்றறியும் கெதியில செத்துப்போகும்.

கேள்வி: இவர் யூரியூப்பில என்னத்தையோ பாத்திட்டு நான் கேக் செய்ய வச்சிருந்த அலுமினியம் பேப்பரை எடுத்துத் திறப்பைச் சுத்தி பிரிட்ஜுக்குள்ள வைக்கிறார். மைக்ரோவேவுக்குள்ள வச்சா இன்னும் நல்லதாம். இது உண்மையோ, விசர் வேலையோ?
வாசகி, விசுவமடு

பாதி உண்மை, பாதி நீங்கள் சொன்னது தான். பிரிட்ஜ் வேண்டாம். அதின்ர கதவைச் சுத்திப் போற ரப்பர் இரும்பில்லை, அலை அதுக்குள்ளால வெளிய வரும், போதாக்குறைக்கு ஈரம் வேற கீக்குள்ள இறங்கும். மைக்ரோவேவ் எண்டது இன்னும் மோசம், எப்பவோ ஒரு நாள் ஆரோ திறப்பு உள்ளுக்க கிடக்கிறது தெரியாமல் பால் சூடாக்கப் போவினம், பிறகு காரும் இல்லை மைக்ரோவேவும் இல்லை.

பேப்பர் சுத்துறது உண்மையில வேலை செய்யும். மைக்கல் பாரடே எண்ட விஞ்ஞானி 1836இல காட்டின விசயம் தான், நாலு பக்கமும் உலோகம் மூடினா வெளி மின்புலம் உள்ளுக்க போகாது. காரின்ர தாழ் அலைக் குரலை மெல்லிய பேப்பர் முழுசா மறிக்காது, ஆனா கீ சொல்லுற பதிலை நல்லா மறிச்சுப்போடும், பதில் வராட்டி கார் திறக்காது. எங்கயாவது ஒரு கிழிசல் இருந்தா சரி, கதை முடிஞ்சுது.

நான் காசு செலவழிக்காமல் பிஸ்கற் ரின் ஒண்டில வைப்பம் எண்டு வெளிக்கிட்டன். நத்தாருக்கு வாற வட்டமான ரின் ஒண்டு எல்லார் வீட்டிலயும் இருக்கும், உள்ளுக்க பிஸ்கற் இராது, நூலும் ஊசியும் தான் கிடக்கும். ஊசியளைக் கொட்டிப்போட்டுத் திறப்பை வச்சு இறுக்கி மூடி, ரின்னைக் கக்கத்தில வச்சுக்கொண்டு போய்க் கைபிடியில கை வச்சன். டிக் எண்டு திறந்தது. எனக்கு வெக்கமாப் போச்சு. பேந்து வடிவாப் பாத்தா மூடிக்கும் ரின்னுக்கும் இடையில பெயின்ற், உலோகம் உலோகத்தோட முட்டேல்ல, அந்த வட்டமான நீக்கலுக்குள்ளால அலை போய் வருகுது. வாய் விளிம்பைச் சுத்தி உள்ளுக்கயும் மூடியிலயும் அரத்தாள் போட்டுப் பெயின்ற்றைச் சுரண்டிப்போட்டு மூடினன். அதுக்குப் பிறகு கைபிடி செத்த மாதிரி. ஆனா உங்கட ரின் எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது, அதால நீங்களும் இப்பிடிக் கொண்டுபோய்ச் சோதிச்சுத் தான் நம்போணும்.

சிலருக்கு வெளிநாட்டில இருந்து திறப்பைப் போட்டு வைக்க வெள்ளித் துணி வச்ச பை அனுப்புகினம், கையுக்கு வசதி. அதிலயும் இதே சோதனை தான். பையை மடிச்சு மடிச்சுப் பொக்கற்றில வைக்க உள் துணி மடிப்பில வெடிக்கும், அதால வாங்கின அண்டு மட்டுமில்லை, மாசத்துக்கு ஒருக்காச் செய்து பாருங்கோ. கேக் பேப்பரை அவரிட்ட இருந்து வாங்கி வையுங்கோ.

கேள்வி: நான் ஹயர் ஓடுறது. என்ர வான் பழசு, திறப்பைப் போட்டுத் திருப்பித் தான் ஸ்ராட் பண்ணோணும், ஆனா ரிமோட் இருக்கு. எனக்கும் இந்தப் பிரச்சினை இருக்கோ?
வாசகர், புதுக்குடியிருப்பு

அந்தப் பிரச்சினை இல்லை. உங்கட ரிமோட் நீங்கள் அமத்தினா மட்டும் தான் கதைக்கும், மற்ற நேரம் ஊமை. பைக்குள்ள வைக்கிறதால உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, ஆரும் விக்க வந்தா வாங்காதேங்கோ.

உங்களுக்கு இருக்கிறது வேற ஒண்டு. முறிகண்டியில நிப்பாட்டுறியள், கற்பூரத்தையும் தேங்காயையும் கையில எடுத்துக்கொண்டு நடந்துகொண்டே முதுகுக்குப் பின்னால ரிமோட்டை அமத்துறியள், திரும்பிப் பாக்கிறியளோ? நானும் பாக்கிறேல்ல. ஒரு நாள் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து பாத்தா கார் பூட்டுப்படாமல் நிக்குது, மனிசியின்ர ஹாண்ட்பாக் முன் சீற்றில, நல்ல காலம் ஒண்டும் போகேல்ல. எனக்கு நடந்தது வெறும் பற்றறிக் குறைவு. ஆனா சில நாடுகளில இதையே தொழிலாச் செய்யிறாங்கள், வாகனம் விடுற இடத்தில ஒரு சின்னக் குழப்பிப் பெட்டியோட நிப்பாங்கள், நீங்கள் அமத்துற பூட்டுச் சிக்னல் அந்தச் சத்தத்துக்குள்ள அமிழ்ந்துபோடும், நீங்கள் பூட்டினன் எண்டு போயிடுவியள்.

ரிமோட் சிக்னலைப் பதிஞ்சு வச்சுத் திருப்பி அடிக்கிறது லேசில்லை, ஏனெண்டா ஒவ்வொரு அமத்தலுக்கும் கோட் மாறும், பழைய கோட்டைக் கார் எடுக்காது. அதையும் சுத்திப் போகலாம் எண்டு 2015இல அமெரிக்காவில ஒருத்தர் காட்டினவர், சாமி காம்கார் எண்டு பேர், எங்கட ஆள் எண்டு நினைக்காதேங்கோ. அது எப்பிடியெண்டா முதல் அமத்தலைக் குழப்பிப் பிடிச்சு வைக்கிறது, நீங்கள் ரெண்டாந்தரம் அமத்தேக்க அதையும் பிடிச்சுக்கொண்டு முதல் பிடிச்சதைக் காருக்கு விடுறது, ரெண்டாவது அவரின்ர கையில பாவிக்காமல் இருக்கும். அதால ஒரு அமத்தலில பூட்டுப்படாமல் ரெண்டாந்தரம் தான் பூட்டினது எண்டா அந்த இடத்தில கொஞ்சம் யோசியுங்கோ, திறப்பைக் கதவில போட்டுப் பூட்டுங்கோ.

மற்றும்படி லைற் மின்னுறதைப் பாத்து, கைபிடியை ஒருக்கா இழுத்துப் பாத்திட்டு நடவுங்கோ. ஸ்மார்ட் கீ வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு வார்த்தை, நீங்கள் கைபிடியை இழுத்தா கீ பொக்கற்றில இருக்கிறபடியாத் திறக்கத் தான் செய்யும், அதால இழுத்துப் பாக்கிற வேலையைக் கூட வாற ஆளிட்டக் குடுங்கோ, நீங்கள் தள்ளி நில்லுங்கோ.

கேள்வி: போன வருசம் ஒரு கார் சேல்ல ரொயோட்டா அக்வா வாங்கினன். ஒரு திறப்புத் தான் தந்தவை, மற்றது ஜப்பானிலயே துலைஞ்சு போச்சாம். இன்னொண்டு அடிக்கிறது செலவு எண்டு விட்டிட்டன். பிரச்சினை இல்லைத் தானே?
வாசகர், வவுனியா

இந்த மாசம் வந்த எல்லாக் கேள்வியிலயும் எனக்கு வயித்தைக் கலக்கினது இது தான். லண்டன் கள்ளன்ர பெட்டிக்குப் பயப்பிடுறம், ஆனா எங்கட காரின்ர உண்மையான ரெண்டாம் திறப்பு ஆரிட்ட இருக்கு எண்டு தெரியாமல் நித்திரை கொள்ளுறம். ஜப்பானில துலைஞ்சிருக்கலாம், ஏலத்தில வாற காருகளில கனக்க ஒரு திறப்போட தான் வாறது, நான் இல்லையெண்டு சொல்லேல்ல. முதல் வச்சிருந்தவரின்ர மச்சானின்ர லாச்சியிலயும் கிடக்கலாம்.

கார் தன்ர கீயளைப் பேர் சொல்லி ஞாபகம் வச்சிருக்கும். ஸ்ரியரிங்குக்குக் கீழ ஓபிடி எண்ட சொக்கற் ஒண்டு இருக்கு, அதில ஸ்கானரைக் கொழுவினா எத்தினை கீ பதிஞ்சிருக்கு எண்டு பாக்கலாம். பதிவில ரெண்டு எண்டு காட்டி உங்கட கையில ஒண்டு தான் இருக்குது எண்டா மற்றதை அழிக்கச் சொல்லுங்கோ. அழிச்சாப் பிறகு அந்தக் கீயால ஸ்ராட் வராது. ஆனா கீக்குள்ள ஒழிச்சிருக்கிற இரும்புத் திறப்புக் கதவைத் திறக்கும், அதை ஸ்கானரால அழிக்க ஏலாது, அதுக்குக் கதவுப் பூட்டை மாத்த வேணும். பெரும்பாலான ஆக்கள் அவ்வளவுக்குப் போறேல்ல, நானும் போகச் சொல்ல மாட்டன், காருக்குள்ள பெறுமதியான சாமான் விடாட்டிச் சரி.

ரெண்டாம் திறப்பு அடிக்கிறதை ஒண்டு கையில இருக்கேக்கயே செய்யுங்கோ. இருக்கிற ஒண்டும் துலைஞ்சா அந்த வேலை மூண்டு மடங்கு சிக்கல், காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவும் வேண்டிவரும். செய்யேக்க பக்கத்தில நில்லுங்கோ. "விட்டிட்டுப் போங்கோ, பின்னேரம் வாங்கோ" எண்டா வேண்டாம், ஏனெண்டா ரெண்டு கீ பதியிற ஆள் மூண்டு பதிஞ்சா உங்களுக்கு எப்பிடித் தெரியும்? முடிய ஸ்கானர் திரையில எண்ணிக்கையைக் காட்டச் சொல்லிப் பாத்திட்டுக் காசைக் குடுங்கோ. 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து 2025 பெப்ரவரியில திருப்பித் திறக்கிற வரைக்கும் பழைய காருகள் ஏறின விலை உங்களுக்குத் தெரியும், அந்தக் காசில ஒரு திறப்பு அடிக்கிற காசு பெரிசில்லை.

கேள்வி: ராவில கீயின்ர பற்றறியைக் கழட்டி வச்சா என்ன?
வாசகர், முள்ளியவளை

நல்லா வேலை செய்யும், ஆனா ரெண்டு கிழமையில மூடி உடையும். கன கீயளில போடுறது சீஆர் 2032 எண்ட 3 வோல்ற் வட்டப் பற்றறி. ரொயோட்டா ஸ்மார்ட் கீ கனக்கில ஒரு சுகமான வழி இருக்கு, பூட்டுற பட்டனை அமத்திப் பிடிச்சுக்கொண்டு திறக்கிற பட்டனை ரெண்டு தரம் அமத்தினா சிவப்பு லைற் நாலு தரம் மின்னும், கீ நித்திரை. காலையில ஏதாவது ஒரு பட்டனை அமத்த எழும்பும். உங்கட மொடலில இருக்கோ எண்டு செய்து பாருங்கோ, ஒண்டும் பழுதாகாது. மற்றது, பற்றறி செத்தாலும் பயப்பிடாதேங்கோ, உள்ளுக்க இருக்கிற இரும்புத் திறப்பால கதவைத் திறந்து, பிறேக்கை மிதிச்சுக்கொண்டு கீயை ஸ்ராட் பட்டனோட முட்டப் பிடிச்சு அமத்துங்கோ, ஓடும். மாங்குளம் காட்டுக்க ராவில இது தெரிஞ்சிருந்தா நல்லது.

கேள்வி: கனடாவில இருந்து வந்த மருமகன் சொல்லுறார், அங்க பையில வச்ச திறப்பு வச்சபடி இருக்கக் கார் போகுதாம், கொன்ரெய்னரில ஏத்தி மொன்றியால் துறைமுகத்தால அனுப்புறாங்களாம். அப்ப இந்தப் பை ரின் எல்லாம் எதுக்கு?
வாசகர், மல்லாவி

மருமகன் சொல்லுறது சரி. கள்ளன் இப்ப திறப்பைத் தேடுறதை விட்டிட்டு நேரா வயருக்குப் போறான். 2022இல லண்டனில இயன் ரேபர் எண்டவரின்ர ரொயோட்டா ராவ் 4 களவு போனது, அவர் வாகனக் கணினிப் பாதுகாப்பை ஆராயிற ஆள், கள்ளனுக்கு அது தெரியாமல் போச்சு. அதுக்கு முதல் ரெண்டு தரம் அந்தக் காரின்ர முன் பம்பரை ஆரோ இழுத்து வச்சிருந்திருக்கினம், அவர் ஏதோ ரவுடிப் பொடியளின்ர சேட்டை எண்டு நினைச்சிருக்கிறார். பேந்து தான் கென் டிண்டெல் எண்டவரோட சேர்ந்து கண்டுபிடிச்சு 2023இல எழுதினவை: ஹெட்லைற் வயரைக் கழட்டி அதில ஒரு சாமானைக் கொழுவினா காரின்ர கேன் பஸ் எண்ட உள் வயரில "கீ சரி, திறவுங்கோ" எண்டு பொய் சொல்ல ஏலும். வீட்டுக்குள்ள வேலைக்காரனை விலைக்கு வாங்கின மாதிரி. இதுக்குப் பை உதவாது.

புதுசா வாற சில காருகளில அல்ட்ரா வைட்பேண்ட் எண்டு ஒண்டு போடுகினம், பிஎம்டபிள்யூ, ரேஞ்ச் ரோவர் மாதிரி ஆக்கள். சிக்னல் போய் வர எடுக்கிற நேரத்தை அளக்கும், ஒளி ஒரு நானோ செக்கனில 30 சென்ரிமீற்றர் தான் போகும் எண்டபடியால் நடுவில ஆள் வச்சுக் கடத்தினா நேரம் கூடிப் பிடிபடும். போர்ட் 2019இல பியஸ்ராவுக்கும் போகஸுக்கும் அசையாமல் 40 செக்கன் கிடந்தா தானா நித்திரையாகிற கீ விட்டது. ரெண்டும் கீயை ஏமாத்துறவனுக்குத் தான் மருந்து, வயருக்குப் போறவனை மறிக்காது. மல்லாவியில நிக்கிற 2014 வெசலுக்கு இதொண்டும் வரப்போறதும் இல்லை.

எங்களுக்கு வாய்ச்சது ஸ்ரியரிங்குக்குக் குறுக்கப் போடுற இரும்புத் தடி. சிரிக்காதேங்கோ. அலையாலயோ வயராலயோ கார் திறந்தாலும் தடியை வாளால அறுக்க வேணும், அறுக்கச் சத்தம் வரும், சத்தம் வந்தா நாய் குலைக்கும். மஞ்சளோ சிவப்போ வெளியில தெரியிற நிறத்தில வாங்குங்கோ.

கேள்வி: கார் போனா இன்சூரன்ஸ் காசு வருமோ?
வாசகி, பரந்தன்

தேர்ட் பார்ட்டி எண்டா ஒரு சதமும் வராது. புல் இன்சூரன்ஸ் எண்டாக் களவும் சேர்ந்தது, ஆனா பொலிஸ் என்றி கேப்பினம், திறப்புகளையும் கொண்டு வரச்சொல்லுவினம். மேல வவுனியாக்காரருக்குச் சொன்னதைத் திருப்பி வாசியுங்கோ. கார் காணேல்ல எண்டு கண்ட உடன முதல் 119க்கு அடியுங்கோ, சொந்தக்காரருக்குப் பிறகு அடிக்கலாம்.

கேள்வி: அண்ணை, எல்லாரும் கார்க்கதை கேக்கினம். எங்கட பழைய மாசி பேர்கசன் டிராக்டருக்குப் பக்கத்து வளவுக்காரரின்ர திறப்பும் வேலை செய்யுது. இதுக்கு எந்தப் பையில போடுறது?
வாசகர், ஒட்டுசுட்டான்

அது பழுதில்லை தம்பி, அந்தக் காலத்து டிராக்டர் கனக்குக்கு ஒரே திறப்புத் தான், ஒண்டைத் துலைச்சா மற்றதால ஓடலாம் எண்டு ஆக்கள் சந்தோசப்பட்டவை. பற்றறி வயரில ஒரு கட் ஓவ் சுவிட்சைப் போட்டு ஆருக்கும் தெரியாத இடத்தில வையுங்கோ, பின் சில்லுக்குள்ளால ஒரு சங்கிலியைப் போட்டு மரத்தோட பூட்டுங்கோ. சங்கிலிக்கு வேற திறப்பு வாங்கோணும், பக்கத்து வளவுக்காரரோட சேர்ந்து ஒரே கடையில வாங்காதேங்கோ.